நம்ம ஆலயத்துக்கு சர்வர் வாங்கின கதை

 

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு அன்னதானத்துல உட்கார்ந்திருந்தப்ப பக்கத்துல இருந்த அண்ணன் ஒருத்தர் கேட்டார்: "ஏம்பா, ஆபீஸ்ல புதுசா ஒரு கறுப்புப் பெட்டி வச்சிருக்கீங்களே, எட்டாயிரம் வெள்ளிக்கு மேலயாமே? அந்தக் காசுக்கு மூணு நாலு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கலாமே?" நியாயமான கேள்வி. கோவில் காசு நீங்க கொடுத்த காசு. பாதி பதில் சொல்றதுக்குள்ள ரசம் வந்துடுச்சு, பேச்சு மாறிடுச்சு. மீதியை இங்க எழுதுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

என் தப்புல இருந்தே ஆரம்பிக்கணும்.

நம்ம அர்ச்சனை கவுண்டர்ல இருந்த பழைய கம்ப்யூட்டர் உங்களுக்கெல்லாம் தெரியும். ஒன்பது வருஷம் ஓடின சாதாரண மேசைக் கம்ப்யூட்டர். அதுலதான் ரசீது புரோகிராம், உபயக்காரர் பட்டியல், மண்டப புக்கிங், வருஷ அர்ச்சனை பேரெல்லாம் இருந்துச்சு. மத்த ரெண்டு கவுண்டரும் அதுகூடத்தான் இணைஞ்சிருந்துச்சு. பேருக்கு கவுண்டர் கம்ப்யூட்டர், செய்தது சர்வர் வேலை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால நிர்வாகக் கூட்டத்துல நம்ம இளைஞர் பிரிவு தம்பி ஒருத்தர் எழுந்து, "அங்கிள், இதுல இன்னொரு ஹார்ட் டிஸ்க் போட்டு ஒரு நகல் வச்சிக்கலாம், முந்நூறு வெள்ளிதான் ஆகும்"னு சொன்னார். "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு செலவு"ன்னு சொன்னவன் நான்தான். மினிட்ஸ்ல என் பேரோட இருக்கு, யார் வேணும்னாலும் பார்த்துக்கலாம்.

பிறையில ஒரு ஃபேக்டரியில சூப்பர்வைசரா இருக்கேன். அங்க என் வேலையே "நல்லாத்தானே ஓடுது"ன்னு சொல்ற ஆளைத் திட்டுறதுதான். மெஷின் ஓடும்போதே பேரிங் மாத்து, நின்னப்புறம் மாத்தினா ஷிப்டே போச்சுன்னு தினமும் சொல்றவன், கோவிலுக்கு வந்ததும் அதை மறந்துட்டேன்.

போன வருஷம் ஆடி மூணாவது வெள்ளி, சாயங்காலம் ஏழு மணி. கூழ் வரிசை வாசல் வரைக்கும் நிக்குது. கவுண்டர் கம்ப்யூட்டர் டக் டக்குன்னு ரெண்டு சத்தம் போட்டுட்டு நின்னுடுச்சு. ஹார்ட் டிஸ்க் போச்சு. அன்னிக்கு ராத்திரி கையால ரசீது எழுதினோம், அது பெரிய விஷயமில்ல. மறுநாள்தான் தெரிஞ்சது, கடைசியா எடுத்த நகல் பொருளாளர் டிராயர்ல ஒரு பென்டிரைவ்ல இருந்துச்சு, பதினாலு மாசம் பழசு. டிஸ்க்கைத் திறந்து டேட்டா எடுக்கிற கடை ஒண்ணுல நாலாயிரத்து ஐந்நூறு வெள்ளி கேட்டாங்க, கிடைக்கும்னு உத்தரவாதமும் இல்லைன்னாங்க. வேண்டாம்னு விட்டுட்டோம். பதினாலு மாசக் கணக்கு போச்சு.

கணக்கையாவது பேங்க் ஸ்டேட்மென்ட், டெபாசிட் சிலிப் வச்சு பொருளாளர் பெரும்பாலும் சரி பண்ணிட்டார். பேருங்களைத்தான் ஒண்ணும் பண்ண முடியல. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு அம்மா வந்தாங்க. எஸ்டேட் காலத்துல இருந்து வர்றவங்க. வீட்டுக்காரர் திதிக்கு வருஷா வருஷம் அர்ச்சனையும் நெய் விளக்கும் முன்கூட்டியே கட்டி வச்சிடுவாங்க. "தம்பி, என் பேரு இருக்கா பாருப்பா"ன்னாங்க. கவுண்டர்ல அன்னிக்கு நான். பட்டியல்ல இல்ல. "ரசீது இருக்காம்மா?"ன்னு கேட்டேன். வாயில இருந்து வந்த பிறகுதான் எனக்கே கேட்டுச்சு. கோவிலை நம்பி காசு கொடுத்தவங்ககிட்ட கோவில் ஆதாரம் கேட்குது. அவங்க பையில தேடினாங்க, கிடைக்கல. "பரவாயில்லப்பா, மறுபடி கட்டிடுறேன்"னு சுருக்குப்பையை அவிழ்த்தாங்க. நான் வாங்கல. குருக்கள்கிட்ட சொல்லி அர்ச்சனை பண்ண வச்சோம். ஆனா அந்த சுருக்குப்பையை அவிழ்த்த கை இன்னும் என் கண்ணுல நிக்குது.

அடுத்த கூட்டத்துல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, சரியான சர்வர் வாங்கணும்னு. வாங்குற பொறுப்பை என் தலையிலேயே கட்டினாங்க. தண்டனைன்னு வச்சுக்கலாம். எஸ்பிஎம் படிச்சவன், கம்ப்யூட்டர் படிப்பு கிடையாது. ஆனா ஃபேக்டரிக்கு மெஷின் வாங்கின அனுபவம் உண்டு. இளைஞர் பிரிவு தம்பியைக் கூட வச்சிக்கிட்டு மூணு மாசம் கடை கடையா அலைஞ்சோம்.

முதல் கடையில கேட்ட விலை 26,500 வெள்ளி. ரெண்டு ப்ராசஸர், ரேக்ல மாட்டுற தட்டை சர்வர், பெரிய ஸ்டாண்ட். "கோவில் வளரும்ல, பெருசா வாங்கிடுங்க"ன்னு அந்த ஆள் சொன்னார். இதைக் கேள்விப்பட்ட அன்பர் ஒருத்தர் (பேர் வேண்டாம், நல்ல மனுஷன்) முழுசையும் உபயமா தர்றேன்னு முன்வந்தார். நிர்வாகத்துல பாதிப்பேர் வாங்கிக்கலாம்னுட்டாங்க, ஓசியில வருதேன்னு. நான்தான் வேண்டாம்னேன். அந்த மாதிரி சர்வர் விசிறி போடுற சத்தத்துல ஆபீஸ்ல உட்கார்ந்து போன் பேச முடியாது. இருபத்து நாலு மணி நேரமும் ஏர்கோன் போடணும். கரண்ட்டும் அதிகம். சின்ன சர்வரை விட முந்நூறு வாட் கூட இழுத்தா வருஷத்துக்கு 2,600 யூனிட்டுக்கு மேல, ஏர்கோன் இல்லாமலே. உபயம் ஒரு தடவை வரும், பில்லு மாசாமாசம் வரும். அவருக்கு இன்னும் என்மேல கொஞ்சம் வருத்தம்தான். சாமி கும்பிட வரும்போது நான் சிரிச்சா தலையாட்டுறார், அவ்வளவுதான்.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இப்ப நமக்கு என்ன இருக்கு? மூணு கவுண்டர், செயலாளர் ஒண்ணு, பொருளாளர் ஒண்ணு, ஆக அஞ்சு கம்ப்யூட்டர். தைப்பூசத்துக்கு இன்னும் ரெண்டு கவுண்டர் திறப்போம். ரசீது, பேரு, கணக்கு எல்லாம் வெறும் எழுத்தும் நம்பரும்தான். பத்து வருஷத்துக்கு சேர்த்தாலும் சில ஜிபி தாண்டாது. திருவிழாப் போட்டோ, தேவார வகுப்பு வீடியோதான் இடம் பிடிக்கும். இதுக்கு ரெண்டு ப்ராசஸர் எதுக்கு?

சிசிடிவியையும் இதுலேயே போடலாமேன்னு ஒருத்தர் கேட்டார். அதுக்கும் கணக்கு இருக்கு. ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினா ஒரு நாளைக்கு 43 ஜிபி. எட்டு கேமரா, முப்பது நாள்னா பத்து டிபிக்கு மேல. கோவில் பேருங்களுக்கு வேண்டிய இடத்தை வாசல் கேமரா தின்னுடும். கேமராவுக்கு அதுக்குன்னு இருக்கிற ரெக்கார்டர் தனியா இருக்கட்டும்னு முடிவு பண்ணினோம்.

இங்க இருந்து கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா மத்த ஆலய நிர்வாகத்துல இருக்கிறவங்களும் இதைப் படிக்கிறீங்க, ரெண்டு பேர் ஏற்கனவே போன் பண்ணிக் கேட்டுட்டீங்க.

"வளர இடம்"னா எல்லாரும் பெரிய சாமான்னு நினைக்கிறாங்க. ஃபேக்டரியில ஒரு லைன் போடும்போது இன்னைக்கே பத்து மெஷின் வாங்க மாட்டோம். ரெண்டு மெஷின் வாங்குவோம், பத்து மெஷினுக்கு தரையில இடம் விடுவோம், கரண்ட் பாயின்ட் இழுத்து வைப்போம். தரையை அப்புறம் பெருசாக்க முடியாது, மெஷினை எப்ப வேணும்னாலும் வாங்கலாம். சர்வரும் அப்படித்தான். அப்புறம் சேர்க்க முடிஞ்சதை இன்னைக்கு குறைச்சு வாங்கலாம். அப்புறம் சேர்க்க முடியாததுக்குத்தான் இன்னைக்கு காசு போடணும்.

நாங்க பார்த்தது நின்ன வாக்குல இருக்கிற சின்ன டவர் சர்வர்கள். டெல் டி150, எச்பிஇ எம்எல்30, லெனோவோ எஸ்டி50 வி2. மூணும் ஏறக்குறைய ஒரே ஜாதி. ஒரு ப்ராசஸர்தான், நாலு மெமரி ஸ்லாட், 128 ஜிபி வரைக்கும் ஏத்தலாம். நாங்க இப்ப போட்டது 16 ஜிபி. அதையும் ரெண்டு எட்டா வாங்காம ஒரே பதினாறா வாங்கினோம், மூணு ஸ்லாட் காலியா இருக்கட்டும்னு. ஜோடியா போட்டா வேகம் கொஞ்சம் கூடுமாம், ஆனா ரசீது அடிக்கிறதுல அந்த வித்தியாசம் தெரியப் போறதில்ல.

மெமரி வாங்கும்போது ஒண்ணு கவனிங்க. இதுல போடுறது ஈசிசி மெமரி. எங்க லைன் கடைசியில ஒரு க்யூசி பொண்ணு உட்கார்ந்து தப்பான பீஸை எடுத்துடுமே, அது மாதிரி ஒரு பிட் மாறிப் போனா தானே கண்டுபிடிச்சு சரி பண்ணிடும். சாதாரண மேசைக் கம்ப்யூட்டர்ல பெரும்பாலும் இது கிடையாது. ஆனா ஈசிசியிலேயே ரெண்டு வகை இருக்கு. பெரிய சர்வருக்கு வர்ற ரெஜிஸ்டர்ட் வகை செகண்ட் ஹேண்ட்ல மலிவா கிடைக்கும், இந்த சின்ன சர்வர்ல அது வேலை செய்யாது. அன்பஃபர்ட் வகைதான் வேணும். தம்பி மட்டும் கூட இல்லைன்னா நான் அதை வாங்கியிருப்பேன், கடைக்காரர் பையில போட்டே கொடுத்துட்டார்.

அடுத்தது டிஸ்க். ஓடிக்கிட்டு இருக்கும்போதே முன்பக்கத்துல இருந்து டிஸ்க்கை உருவி மாத்துற வசதி சிலதுல உண்டு, சிலதுல இல்ல. டி150ல கிடையாது, உள்ள கேபிள் போட்டு மாட்டுறதுதான், டிஸ்க் போச்சுன்னா சர்வரை நிறுத்திட்டுத்தான் திறக்கணும். டெல்லில அந்த வசதி வேணும்னா டி350க்குப் போக வேண்டியிருந்துச்சு. எம்எல்30ல ரெண்டு விதமும் வருது, ஆர்டர் பண்ணும்போதே சொல்லிடணும். பின்னால மாத்துறது கஷ்டம். இதுதான் நான் சொன்ன "தரை". தைப்பூசத்தன்னிக்கு ஒரு டிஸ்க் போனா கவுண்டரை நிறுத்த முடியாது. அதனால உருவி மாத்துற எம்எல்30 எடுத்தோம். நாலு டிஸ்க்குக்கு இடம், இப்ப போட்டிருக்கிறது ரெண்டு. ரெண்டுலயும் ஒரே விஷயம் எழுதும். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு ஓடும். ரெய்டு ஒண்ணுன்னு இதுக்குப் பேர். காலி அறையில வெறும் மூடிதான் இருக்கும், டிஸ்க் மாட்டுற தட்டு தனியா வாங்கணுமாங்கிறதையும் கேட்டு வச்சிக்கோங்க. நாலு டிஸ்க் இடம்னு நம்பி அப்புறம் தட்டு தேடி அலையக் கூடாது.

ரெண்டு பவர் சப்ளை வச்ச மாடலும் இருந்துச்சு. ஒண்ணு எரிஞ்சா இன்னொண்ணு தாங்கும். என் கணக்குப்படி அதுவும் தரைதான், இப்பவே வாங்கியிருக்கணும். பட்ஜெட் பத்தல, விட்டுட்டோம். இது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

புரோகிராம் விஷயத்துல எனக்கும் தம்பிக்கும் ஒரு வாரம் வாக்குவாதம். லினக்ஸ் போட்டா லைசன்ஸ் காசே இல்ல அங்கிள்னார். உண்மைதான். நான் கேட்டேன், "நீ சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிட்டா யார்ப்பா பார்ப்பா?" அவர் சிரிச்சார், ஏன்னா அப்பவே இன்டர்வியூ போயிட்டு வந்திருந்தார், எனக்குத் தெரியாது. கடைசியில விண்டோஸ் சர்வர் எசென்ஷியல்ஸ் எடுத்தோம். இருபத்தஞ்சு பேர், ஐம்பது சாதனம் வரைக்கும் ஆளுக்கு ஆள் தனி லைசன்ஸ் வாங்க வேண்டியதில்ல. நமக்கு அஞ்சு கம்ப்யூட்டர், ஏழு எட்டு பேர். ஸ்டாண்டர்ட் எடுத்தா குறைஞ்சது பதினாறு கோர்னு கணக்குப் போட்டு லைசன்ஸ், அதுக்கு மேல ஆளுக்கோ சாதனத்துக்கோ ஒரு லைசன்ஸ். ரெண்டு கடையில ஸ்டாண்டர்ட் விலைதான் முதல்ல கொடுத்தாங்க. நாம கேட்டாத்தான் எசென்ஷியல்ஸ் பேச்சே வருது.

கிளவுட்லேயே வச்சிடலாமேன்னு என் மகளே கேட்டா. நகல் ஒண்ணு அங்க போகுது, அது நல்லது. ஆனா தைப்பூசக் கூட்டத்துல கைப்பேசி சிக்னல் என்ன கதின்னு உங்களுக்குத் தெரியும். இணையம் போனாலும் ரசீது அடிக்கணும். வெறும் ஃபைலும் போட்டோவும் மட்டும் வச்சிக்கணும்னு நினைக்கிற சின்ன ஆலயம்னா இவ்வளவும் வேண்டாம், ரெண்டு டிஸ்க் போடுற நாஸ் பெட்டி ஒண்ணே போதும். நமக்கு ரசீது புரோகிராம் ஓடணும், அதனாலதான் சர்வர்.

சர்வரும் விண்டோஸும் சேர்த்து 6,900 வெள்ளி. யுபிஎஸ் 720. வெளியில எடுத்துட்டுப் போற டிஸ்க் ரெண்டு, ஒண்ணு 310, ஆக 620. மொத்தம் 8,240 வெள்ளி. பில்லெல்லாம் ஆபீஸ் ஃபைல்ல இருக்கு, வந்து பாருங்க.

யுபிஎஸ் இல்லாம வாங்காதீங்க. நம்ம ஊர் இடி மின்னலைப் பத்தி நான் சொல்லணுமா? கரண்ட் டக்குன்னு போய் வர்றதுலதான் பாதி டிஸ்க் சாகுதுன்னு எங்க மெயின்டனன்ஸ் ஆள் சொல்வார். யுபிஎஸ்ல இருந்து சர்வருக்கு ஒரு சிக்னல் கேபிள் போகும், பேட்டரி தீரப் போகுதுன்னா சர்வர் தானா ஒழுங்கா மூடிக்கும். அந்தக் கேபிளை மாட்டாம பெட்டியிலேயே வச்சிருக்கிற இடம் நிறைய பார்த்துட்டேன். பேட்டரியும் ஆயுசுக்கு வராது, மூணுல இருந்து அஞ்சு வருஷத்துல மாத்தணும்.

எங்க வைக்கிறதுங்கிறதும் கோவில்ல ஒரு பிரச்சனை. கடைக்காரர் ஏர்கோன் இருக்கான்னு மட்டும்தான் கேட்டார். சாம்பிராணிப் புகை, கற்பூரக் கரி, விபூதித் தூள் அவருக்கு எப்படித் தெரியும்? பழைய கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தப்ப விசிறியில விபூதியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து களிம்பு மாதிரி அப்பியிருந்துச்சு. அம்மனோட பிரசாதம்தான், ஆனா விசிறிக்கு ஆகாது. அதனால புது சர்வரை கவுண்டர்ல வைக்கல, மடப்பள்ளி சுவரை ஒட்டியும் வைக்கல. உள் ரூம்ல, தரையில இருந்து மூணடி உயரத்துல இரும்பு ஸ்டாண்ட் அடிச்சு வச்சிருக்கோம். திருவிழா முடிஞ்சு தரையைக் கழுவும்போது பைப்பை அப்படியே ஆபீஸ் வரைக்கும் இழுக்கிற ஆளுங்க யாருன்னு எனக்குத் தெரியும்.

ரெண்டு டிஸ்க்ல ஒரே விஷயம் எழுதுதே, அப்புறம் எதுக்கு வெளி டிஸ்க்னு பொருளாளர் கேட்டார். யாராவது தெரியாம ஒரு பேரை அழிச்சா ரெண்டுலயும் சேர்ந்தே அழிஞ்சிடும். வைரஸ் வந்தாலும், திருடு போனாலும், தண்ணி வந்தாலும் ரெண்டும் சேர்ந்துதான் போகும். அதனால வெளி டிஸ்க் ரெண்டு. ஒவ்வொரு வெள்ளியும் பூஜைக்கப்புறம் ஒண்ணு பொருளாளர் வீட்டுக்குப் போகும், மத்தது திரும்பி வரும். மாசத்துல முதல் ஞாயிறு நான் போய், ஒரு பழைய ரசீது நம்பரைச் சொல்லி, நகல்ல இருந்து எடுத்துக் காட்டச் சொல்வேன். இதுவரைக்கும் மூணு தடவை பண்ணிட்டோம். ரெண்டாவது தடவை வரல. டிஸ்க்ல இடம் இருந்தும் புதன்கிழமையில இருந்து நகல் ஓடவே இல்ல, யாரோ பாஸ்வேர்ட் மாத்தியிருக்காங்க. பச்சை விளக்கு மட்டும் எரிஞ்சிக்கிட்டுதான் இருந்துச்சு. சோதிக்காம இருந்திருந்தா மறுபடியும் ஒரு ஆடி வெள்ளி வரைக்கும் தெரிஞ்சிருக்காது.

தம்பி அடுத்த மாசம் சிங்கப்பூர் போறார். போறதுக்கு முன்னால எல்லா செட்டிங்கும் தமிழ்லயே ஒரு நோட்டுப் புத்தகத்துல எழுதிக் கொடுத்துட்டார், பாஸ்வேர்ட் மட்டும் சீல் வச்ச கவர்ல தலைவர்கிட்ட இருக்கு. இளைஞர் பிரிவுல இருந்து இன்னும் ரெண்டு பிள்ளைங்க கத்துக்க வந்தா நல்லது. ஞாயிறு காலை தேவார வகுப்புக்கு அப்புறம் ஆபீஸ்ல என்னைப் பாருங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள், உண்மையில இந்தப் பதிவே இதுக்காகத்தான். அந்தப் பதினாலு மாசத்துல வருஷ அர்ச்சனை, திதி, நெய் விளக்கு, அன்னதான உபயம் கட்டினவங்க வீட்டுல ரசீது இருந்தா கவுண்டருக்குக் கொண்டு வாங்க, போட்டோ எடுத்துக்கிட்டு உடனே திருப்பிக் கொடுத்துடுவோம். போன வருஷ ஆடி மூணாவது வெள்ளிக்கு முன்னால பதினாலு மாசத் தேதி எதுவா இருந்தாலும் சரி. ரசீது இல்லைன்னாலும் வாங்க. பேரு, நட்சத்திரம், எந்த நாள்னு சொன்னா போதும், எழுதிக்கிறோம், மறுபடி காசு கட்ட வேண்டாம். நிர்வாகம் இதை ஒத்துக்கிட்டு மினிட்ஸ்ல எழுதியாச்சு. பக்கத்து வீட்டு வயசானவங்களுக்கு போன் பார்க்கத் தெரியாதுன்னா நீங்க கேட்டு எழுதிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறுல இருந்து ஒன்பது வரைக்கும் ரெண்டாவது கவுண்டர்ல நான் இருப்பேன்.